ஓடும்போது ஹீட்டர் சூடு, நின்னா ஜில்லு: தெர்மோஸ்டாட் மாத்தலாமுங்களா?

கேள்வி (மேட்டுப்பாளையம்):
குன்னூர் மலை ஏறும்போது ஹீட்டர்ல நல்லா சூடு வருதுங்க. பர்லியார் தாண்டி டிராஃபிக்ல நின்னா கொஞ்ச நேரத்துல காத்து ஜில்லுன்னு ஆயிடுது. ரேஸ் குடுத்தா திரும்பச் சூடு. டெம்பரேச்சர் முள்ளு நடுவுலயே நிக்குது. பழைய டீசல் வண்டி. தெர்மோஸ்டாட் (இஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்து விடுற வால்வு) போச்சுன்னு சொல்றாங்க.

பதில் (பொள்ளாச்சி):
மாத்தாதீங்க. தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கிட்டா இறக்கத்துல முள்ளு கீழ போகும், நின்னா ஏறும். உங்களுக்கு அப்படியே தலைகீழ். ஐடில்ல வாட்டர் பம்ப் மெதுவாச் சுத்தும். கூலன்ட் (இஞ்சினை ஆற வைக்கிற தண்ணி) குறைஞ்சோ காத்து அடைச்சோ இருந்தா ஹீட்டர் கோருக்கு (டேஷ்போர்டுக்குள்ள காத்தைச் சூடாக்குற சின்ன ரேடியேட்டர்) அது போய்ச் சேராது. காலையில இஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்க. கூலன்ட் டேங்க்ல அளவு சரியா இருந்தும் உள்ள குறைஞ்சிருக்கும். சூட்டுல மட்டும் திறந்துடாதீங்க, கொதிதண்ணி முகத்துல அடிக்கும்.

பதில் (ஈரோடு):
அளவு சரியா இருந்தா அடுத்தது ஹோஸ். ஏசி ஆஃப், ஹீட்டர் முழுச் சூடு, ப்ளோயர் 1. காத்து ஜில்லுன்னு வர்ற நேரத்துல, ஃபயர்வாலுக்குள்ள (இஞ்சினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) போற ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்க. ஃபேன் பக்கம் கை போகக் கூடாது. ரெண்டுமே சூடுன்னா டேஷ்போர்டுக்குள்ள சூடு காத்தைத் திருப்பி விடுற ஃப்ளாப் அசையாம சிக்கிக்கிச்சு. ஒண்ணு சூடு, இன்னொண்ணு வெதுவெதுப்புன்னா கோர்ல அடைப்போ காத்தோ இருக்கு. நம்ம பக்கம் போர் தண்ணியை ஊத்தி ஊத்தி உப்புப் படிஞ்ச கோர்தான் அதிகம்.

கேள்வி கேட்டவர்:
ரேடியேட்டர்ல ஒரு லிட்டருக்கு மேல பிடிச்சுதுங்க. ஊத்தினதுக்கு அப்புறமும் ஒரு ஹோஸ் வெதுவெதுப்புதான்.

பதில் (பொள்ளாச்சி):
முதல்ல காத்தை எடுங்க. முன்பக்கம் உசந்து நிக்கற மாதிரி சரிவுல நிறுத்தி, மூடி திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டுல வெச்சு, ஆறின வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க. மேல் ஹோஸை அமுக்கி விடுங்க, குமிழி வரும், அளவு இறங்க இறங்க ஊத்துங்க. தெர்மோஸ்டாட் திறந்து, குமிழி நின்னதும் மூடிடுங்க. குமிழி நிக்கவே இல்லைன்னா ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல்) பாக்கணும், அதோட மலை ஏத்தாதீங்க.

பதில் (ஈரோடு):
அப்பவும் சரியாகலைன்னா ரெண்டு ஹோஸையும் கழட்டி, வெளியே வர்ற பக்கத்துல இருந்து தண்ணி விட்டுக் கழுவுங்க. மோட்டார் லைன் வேகத்துல விட்டா கோர் வெடிச்சுடும். கடைசியா டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் கூலன்ட்: கான்சன்ட்ரேட்டா இருந்தா டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி, ரெடிமிக்ஸா இருந்தா அப்படியே. போன அந்த ஒரு லிட்டர் எங்கன்னு கண்டுபிடிக்காம விடாதீங்க. முன்சீட் கால்மிதிக்குக் கீழ ஈரமும் கண்ணாடியில பிசுபிசுன்னு மூட்டமும் இருந்தா கோரே ஒழுகுது, கழுவறது வீண்.