வால்வெள்ளியின் வால் தொலைகாட்டியில் தெரியவில்லை, உதவுங்கள்

வானம் பார்க்கும் அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். 2025 அக்டோபரில் லெமன் வால்வெள்ளியை (சி/2025 ஏ6) திருகோணமலையிலிருந்து பார்த்தேன். 10x50 இருகண்காட்டியில் சின்னதாக ஒரு வால் தெரிந்தது. தொலைகாட்டியில் தலை மட்டும்தான், ஊதிய பஞ்சு மாதிரி. இதுதான் என்னை விடாமல் அரிக்கிறது.

என்னிடம் இருப்பது 130 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டன் வகைத் தொலைகாட்டி, குவியத்தூரம் 650 மி.மீ. முதலில் 10 மி.மீ. கண்வில்லை போட்டேன், 65 மடங்கு. அது அதிகம் என்று 25 மி.மீ.க்கு மாறினேன், 26 மடங்கு. கிட்டத்தட்ட 2 பாகை வானம் தெரிந்தும் வால் இல்லை. நெபுலா வடிகட்டி (சில நிற ஒளியை மட்டும் விட்டு மற்றதைத் தடுப்பது) போட்டதும் தலை பளிச்சென்றது, பின்னணி கறுத்தது. ஆனால் தூசு வால் சூரிய ஒளியைத்தானே தெறிக்கிறது, அந்த ஒளியையும் வடிகட்டி வெட்டிவிடும் என்று கழற்றிவிட்டேன். கண்ணாடிகளை நேர்ப்படுத்தியும் பார்த்தாயிற்று.

அக்டோபர் 20 முதல் 3 மாலை உப்புவெளிக் கடற்கரையில், அப்புறம் 2 மாலை கன்னியாப் பக்கம். நிலவுத் தொல்லை இல்லை. வால்வெள்ளி வடமேற்கே தாழ்வாக நின்றது.

நேற்று டோர்ச் அடித்துப் பார்த்தால், பிரதான கண்ணாடி முழுக்க மங்கலான படலம். விளிம்பில் காய்ந்த துளிகளின் வெள்ளை வளையங்கள். கடல் உப்பு என்றே நினைக்கிறேன். வாங்கி 4 வருடம், ஒருமுறையும் கழுவவில்லை.

இந்தப் படலம் மட்டுமே மங்கலான தூசு வாலை மறைக்கப் போதுமா?