கிட்ஹப் ஸ்டார் கணக்கை டெர்மினலிலேயே நாள்வாரியாகச் சேர்த்து வைக்க வழி உண்டா?

கருப்புத்திரை:
எங்கள் டீமில் பயன்படுத்தும் நாற்பது சொச்சம் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளில் எது வளர்கிறது, எது படுத்துவிட்டது என்று மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். இப்போது கிட்ஹப்பில் ஒவ்வொரு ரெப்போவாக (லைப்ரரியின் நிரல் இருக்கும் பக்கம்) திறந்து ஸ்டார் (பிடித்தவர்கள் போடும் குறி) எண்ணிக்கையை எக்செல்லில் கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன், வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. படம் வரைந்து காட்டும் தளங்கள் தெரியும், எனக்கு வேண்டியது ஒரு கமாண்ட், ஒரு சிஎஸ்வி ஃபைல், அவ்வளவுதான். பைத்தானில் நானே எழுதிப் பார்த்தேன். ஸ்டார் போட்டவர்கள் பட்டியலை இழுத்தால் பெயர் வருகிறது, தேதி வரவில்லை, அப்புறம் பாதியில் 403 என்று நின்றுவிடுகிறது.

வால்பையன்:
403 வருவது கோரிக்கை வரம்பைத் தாண்டியதால். டோக்கன் (கிட்ஹப் தரும் அடையாளச் சாவி) இல்லாமல் கேட்டால் மணிக்கு 60 கோரிக்கைதான், டோக்கன் போட்டால் 5,000. தேதி வேண்டுமென்றால் அக்செப்ட் ஹெடரில் (பதில் எந்த வடிவில் வேண்டும் என்று கோரிக்கையோடு அனுப்பும் வரி) ஸ்டார் மீடியா டைப்பைக் கேட்க வேண்டும். பக்கத்துக்கு 30 பேர் என்பதை 100 ஆக்கிக்கொள்ளுங்கள்.

கருப்புத்திரை:
வேலை செய்கிறது, நன்றி! ஆனால் பெரிய ரெப்போ ஒன்று சரியாக 40,000-இல் நின்றுவிட்டதே?

செமிகோலன்:
400 பக்கத்துக்கு மேல் தரமாட்டார்கள், அதனால்தான் 40,000. அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பட்டியல் வரலாறே இல்லை. ஸ்டாரைத் திரும்ப எடுத்தவர்கள் அதில் இருக்கமாட்டார்கள், இன்று மிச்சம் இருப்பவர்களை வைத்துத்தான் பழைய வருடங்களை வரைகிறீர்கள். எச்டிடிபிஐ (HTTPie) என்ற கமாண்ட் லைன் கருவியைப் பாருங்கள். 2012-இல் வந்தது. 2022-இல் ரெப்போவைத் தவறுதலாகப் பிரைவேட் ஆக்கியதில் சுமார் 54,000 ஸ்டார் ஒரே நொடியில் போயிற்று, திரும்பப் பப்ளிக் ஆக்கியும் வரவில்லை. அந்தப் பட்டியலை இழுத்தால் முந்தைய பத்து வருடம் நடக்கவே இல்லாத மாதிரி இருக்கும்.

அதனால் பின்னோக்கி இழுக்காதீர்கள். இன்றிலிருந்து கிரானில் (குறித்த நேரத்தில் கமாண்டைத் தானாக ஓட்டும் வசதி) தினம் ஒருமுறை ரெப்போவுக்கு ஒரு கோரிக்கை போட்டு, எண்ணிக்கையைத் தேதியோடு எஸ்க்யூலைட்டில் (ஒரே ஃபைலில் அடங்கும் டேட்டாபேஸ்) ஒரு வரி சேர்த்தால் போதும், ஷெல் ஸ்கிரிப்ட்டே பதினைந்து வரியில் முடிந்துவிடும். பெயரை நம்பாமல் ரெப்போவின் எண் ஐடியையும் சேமியுங்கள், பெயர் மாறினாலும் அது மாறாது. கோரிக்கை அனுப்பும் கர்ல் கமாண்டில் -L போட மறந்தால் பெயர் மாறிய ரெப்போவுக்கு 301 (முகவரி மாறிவிட்டது என்ற பதில்) மட்டும்தான் கிடைக்கும், நான் இரண்டு மாதம் கவனிக்காமல் விட்டேன். இன்னொன்று, வாட்சர்ஸ் எண்ணிக்கை என்று வருவதும் ஸ்டார்தான், உண்மையில் வாட்ச் செய்பவர்கள் சப்ஸ்கிரைபர்ஸ் என்ற இடத்தில் இருக்கிறார்கள். 2012-இல் வாட்ச் என்பதை ஸ்டார் ஆக்கியபோது மிஞ்சிய குழப்பம்.

பழையசோறு:
பழைய கணக்கும் வேண்டுமென்றால் கிட்ஹப்பின் பொது நிகழ்வுகளைச் சேமித்து வைக்கும் ஜிஎச் ஆர்க்கைவ் இருக்கிறது, 2011 பிப்ரவரியிலிருந்து மணிக்கு ஒரு ஃபைல். அதிலும் ஸ்டாரை எடுத்தது பதிவாகாது, வரைபடக் கோடு மேலே மட்டும்தான் போகும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், லைப்ரரி படுத்துவிட்டதா என்று பார்க்க ஸ்டார் எதற்கு? கைவிடப்பட்ட ரெப்போவுக்கும் ஸ்டார் ஏறிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் இழுக்கும் அதே ஜேசனில் (கிட்ஹப் அனுப்பும் பதிலில்) கடைசியாகப் புஷ் ஆன (நிரல் மாற்றம் ஏற்றப்பட்ட) தேதியும், ரெப்போவை ஆர்க்கைவ் செய்துவிட்டார்களா (இனி மாற்றமில்லை என்று பூட்டிவிட்டார்களா) என்பதும் இருக்கிறது. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கருப்புத்திரை:
சேர்த்தேன். மூன்று ரெப்போ ஏற்கெனவே ஆர்க்கைவ் ஆகியிருக்கிறது. அதில் ஒன்றை, ஸ்டார் நிறைய இருக்கிறது என்று சொல்லி, போன மாதம் எங்கள் புராஜெக்ட்டில் சேர்த்ததே நான்தான்.