குளிர்காப்பா, கிடப்புக்காப்பா? அவுட்போர்ட் மோட்டாருக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

குளிர்காலத்தில் ஓட்டாமல் வைக்கப்போகும் எஞ்சினை அதற்கு முன்பே கெடாமல் தயார்செய்து வைப்பதை ஆங்கிலத்தில் ‘விண்டரைஸ்’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு நம் குழுவில் இதுவரை குளிர்காப்பு, உறைகாப்பு, பனிக்காப்பு, ஓய்வுக்காப்பு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான் இப்போது தமிழாக்கிக்கொண்டிருக்கும் அவுட்போர்ட் மோட்டார் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்) கையேட்டில் நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எதுவும் சரியாக உட்காரவில்லை. சொல்லைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அந்த வேலை என்ன என்பதை இன்னும் பேசவே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பருவத்தின் கடைசி ஓட்டம் முடிந்ததும் வேலை தொடங்குகிறது. மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் துளைகளின் மேல் இரண்டு ரப்பர் கிண்ணங்களைக் கவ்வவிட்டு, குழாயை இணைத்து, நல்ல தண்ணீரில் பத்து நிமிடமாவது எஞ்சினை ஓடவிட வேண்டும். சும்மா தண்ணீரைப் பாய்ச்சினால் போதாது. எஞ்சின் சூடேறி, தெர்மோஸ்டாட் என்ற வெப்ப வால்வு திறந்தால்தான் தண்ணீர் உள்வழிகளில் எல்லாம் புகுந்து, படிந்திருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு வரும்.

ஸ்டெபிலைசர் (பெட்ரோலைக் கெடாமல் வைக்கும் மருந்து) கலந்த பெட்ரோலையும் இந்த ஓட்டத்திலேயே உள்ளே அனுப்பிவிடலாம். அதைத் தொட்டியில் ஊற்றியதோடு விட்டுவிடுபவர்கள் நிறைய. கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை வந்து சேர வேண்டும், இல்லையென்றால் ஊற்றியும் பயனில்லை. மாதக்கணக்கில் நிற்கும் பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் பிசினாகி, கார்புரேட்டரில் ஜெட் எனப்படும் நுண்துளைகளை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்; ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும்.

அப்புறம் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெயைப் பீய்ச்சி, ஃபிளைவீல் என்ற சுழல்சக்கரத்தைக் கையால் சில சுற்று சுற்ற வேண்டும். சிலிண்டர் சுவர் முழுக்க மெல்லிய எண்ணெய்ப் படலம் பரவும், துரு அண்டாது. நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின் என்றால் எஞ்சின் ஆயிலையும் இப்போதே மாற்றிவிட வேண்டும். பழைய ஆயிலில் சேர்ந்த ஈரமும் அமிலமும் மாதக்கணக்கில் பேரிங்குகளோடு உறவாடுவது நல்லதல்ல.

மிச்சம் இருப்பது கியர் பெட்டி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நம் சொல் விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பெட்டியில் கீழே ஒரு திருகாணி, மேலே காற்று போக ஒரு திருகாணி. இரண்டையும் கழற்றினால் ஆயில் கனமாக, நூல்போல இறங்கும். நல்ல ஆயில் தெளிவாக இருக்கும். பால் கலந்ததுபோல வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வருடம் நான் இந்த வேலையை மட்டும் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போட்டேன். மறுபடி திறந்தபோது முதலில் சொட்டியது ஆயில் இல்லை, தண்ணீர். புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்த்தேன். தண்டைச் சுற்றி ஒரு நைலான் தூண்டில் நரம்பு, தலைமுடி அளவுதான் இருக்கும், இறுக்கமாகச் சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்திருந்தது. பெட்டியின் அடிப்பக்கத்தில் விரல் நகத்தால் தடவினால் மட்டும் தெரிகிற ஒரு விரிசல். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அலுமினியப் பெட்டி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதற்கு ஈடுகொடுக்காது. புதிய ஆயிலைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும், அப்போதுதான் உள்ளே காற்று சிக்காது. மேல் திருகாணியை முதலில் மூடிவிட்டால், கீழே ஆயில் ஏற்றிய பம்பை எடுத்துத் திருகாணி போடும்வரை ஆயில் அவ்வளவாகக் கொட்டாது.

மோட்டாரை நிமிர்த்தி நிறுத்தி வைப்பது, பேட்டரியைக் கழற்றி முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைப்பது, தண்டுக்குக் கிரீஸ் தடவுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சரி, இதில் எத்தனை வேலை குளிருக்காகச் செய்வது? கியர் பெட்டியிலும் நீர்வழிகளிலும் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது குளிருக்காக. சார்ஜ் இறங்கிய பேட்டரி எளிதில் உறைந்துவிடும், அதனால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவை எல்லாம் மோட்டார் ஓடாமல் கிடப்பதால் வரும் கேடுகளுக்கான மருந்து. பெட்ரோல் பிசினாவதற்கும் சிலிண்டர் துருப்பிடிப்பதற்கும் உப்பு அரிப்பதற்கும் பனி பெய்ய வேண்டிய அவசியமில்லை. குளிரே அறியாத கடற்கரையில் ஆறு மாதம் மூடிக் கிடக்கும் மோட்டாருக்கும் இந்த வேலைகளில் பெரும்பாலானவை தேவை. ஆங்கிலம் பருவத்தின் பெயரை வைத்துவிட்டது. தமிழும் அதே பருவத்தைச் சுமக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

பரிந்துரைகளை இந்தக் கண்ணோடு பார்த்தேன். மின்காப்பு, வெப்பக்காப்பு என்ற வரிசையில் குளிர்காப்பு இயல்பாக ஒலிக்கிறது என்று நண்பர் எழுதியிருந்தார். ஒலிப்பது உண்மைதான். ஆனால் வெப்பக்காப்பு என்றால் வெப்பம் உள்ளே வராமலோ வெளியே போகாமலோ தடுக்கும் போர்வை. குளிர்காப்பு என்று படித்தவர் மோட்டாருக்கும் ஏதோ போர்த்த வேண்டும் என்று எடுத்துக்கொள்வார். உறைகாப்பில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். உறை என்றாலே கையுறை, தலையணை உறைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதை நம்பி ஒருவர் மோட்டாரைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டினால், உள்ளே ஈரம் வியர்த்து, தவிர்க்க நினைத்த துருவே வந்து சேரும். பனிக்காப்பில் பனி என்பது பனித்துளியா, மூடுபனியா, உறைபனியா என்பது தெளிவில்லை. நான்கில் எனக்கு மிக நெருக்கமானது ஓய்வுக்காப்பு. வேலையின் பொருளைத் தொட்ட ஒரே பரிந்துரை அது. ஆனால் ஓய்வு என்றதும் ஓய்வூதியம் நினைவுக்கு வந்து, காப்பு காப்பீடாகக் காதில் விழுகிறது. பயன்பாட்டிலிருந்தே விலக்கிய மோட்டார் என்றும் தோன்றக்கூடும்.

என் பரிந்துரை கிடப்புக்காப்பு.

கிடப்பு நம் வாயில் புழங்கும் சொல். வண்டி கிடப்பில் கிடக்கிறது, வேலையைக் கிடப்பில் போட்டார்கள் என்கிறோம். கவனிப்பாரில்லாமல் விடுவது என்ற குறை அந்தச் சொல்லில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தக் குறைதான் இங்கே வேண்டும். மோட்டாரைக் கெடுப்பது கிடப்பு. அதிலிருந்து காப்பது கிடப்புக்காப்பு. வாக்கியத்திலும் வளைந்துகொடுக்கிறது: ‘கிடப்புக்காப்பு செய்த மோட்டாரை நிமிர்த்தி வையுங்கள்’, ‘கிடப்புக்காப்பு செய்யாமல் விட்டதால் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது.’ நீண்ட நாள் நிறுத்தும் மோட்டார் சைக்கிளுக்கும் ஜெனரேட்டருக்கும் அப்படியே பொருந்தும்.

உறைதடுப்பு என்ற சொல்லைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். எஞ்சினைப் படகுக்குள்ளேயே பொருத்திய உள்ளெஞ்சின் படகுகளில் தண்ணீர் தானாக வடியாது. அங்கே குளிரூட்டும் வழிகளை வடித்துவிட்டு உறையாத திரவத்தை ஏற்றுவார்கள். அது குளிருக்காகவே செய்யும் வேலை. நிமிர்த்தி வைத்த அவுட்போர்ட்டில் தண்ணீர் தானே வடிந்துவிடுவதால் பொதுவாக அது தேவைப்படுவதில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

சிலிண்டருக்குள் பீய்ச்சும் எண்ணெய்க்கு ‘மூடுபனி எண்ணெய்’ என்று ஒரு மொழிபெயர்ப்பைப் பார்த்தேன். பீய்ச்சும்போது புகைமூட்டமாகப் பரவுவதைப் பார்த்து ஆங்கிலத்தில் வைத்த பெயர் அது. நமக்கு அந்தப் படம் தேவையில்லை. எண்ணெய்க்காப்பு, சந்தனக்காப்பு என்ற சொற்களில் காப்பு என்பது மேலே சாத்திய பூச்சையே குறிக்கிறது. பூச்சும் பாதுகாப்பும் ஒரே சொல்லில் கூடி வருவது இந்த இடத்துக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. அந்த எண்ணெய்க்குக் காப்பெண்ணெய், பீய்ச்சும் வேலைக்கு எண்ணெய்க்காப்பு என்று பெயர் வைக்கலாம்.

பருவம் திரும்பியதும் மோட்டாரை மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவரும் வேலைக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. கிடப்பு நீக்கம் என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கிறது. கிடப்பெடுப்பு நாக்கில் இடறுகிறது. படகுத்துறையில் வேலை செய்பவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால், அந்த முதல் நாள் வேலையை நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தைத் தலைப்பில்லாமல் வைத்திருக்கிறேன்.