காவிரிப் படுகை வேளாண் மண்டலச் சட்டம்: என் நிலத்தை விற்க முடியுமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. மகளின் படிப்புச் செலவுக்காக அதில் ஒரு பகுதியை விற்க நினைக்கிறேன். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அதைத் தடுக்கிறதா?

பதில் 1: இல்லை ஐயா. அச்சட்டம் நிலத்தின் விற்பனையைத் தடுக்கவில்லை. துத்தநாக, செம்பு, அலுமினிய உருக்காலைகள், தோல் பதனிடுதல், எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் ஆகியவற்றுக்கான ஆய்வும் துளையிடலும் போன்ற புதிய திட்டங்களையே அது தடுக்கிறது. வாங்குபவர் மனை பிரிக்க விரும்பினால், அதற்கு நகர் ஊரமைப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும்.

பதில் 2: மேலே சொன்னது சரிதான். ஆனால், சட்டம் நடைமுறைக்கு வருமுன் இயங்கிவந்த எண்ணெய்க் கிணறுகளுக்கும், குழாய்ப்பாதை, சாலை, துறைமுகம் போன்ற உட்கட்டமைப்புப் பணிகளுக்கும் இச்சட்டம் விலக்கு அளித்திருப்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது; வயலின் நடுவே குழாய் பதிப்பதை இச்சட்டத்தைக் காட்டி நிறுத்த இயலாது. ஆகவே, விற்பனைக்கு முன் வில்லங்கச் சான்றில் குழாய்ப்பாதை உரிமை ஏதேனும் பதிவாகியுள்ளதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. நாளையே சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கிறேன்.