மறு: பேக்லாஷுக்குத் தமிழ்ச்சொல் – 'திருப்பத் தளர்வு', 'பெல்ட் நெகிழ்வு' என்று இரண்டாகப் பிரிப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

பெல்ட்டில் ஓடும் சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்கிறபடி நகர்ந்து வெட்டும் இயந்திரம்) கையேட்டில் 'பேக்லாஷ்', அதாவது திசை மாறும்போது தெரியும் தளர்வு, என்பதற்கு இந்த இழையில் பின்னடைவு, பின்னடிப்பு, ஆட்டம் என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் 'அளவுத்திருத்தம்' என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடலாமே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். அடக்கக் கூடாது என்பேன். வெட்டு சுத்தமாக வராததற்குக் காரணங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் கை வைக்க வேண்டிய இடம் வேறு. ஒரே சொல்லைப் போட்டால் படிப்பவர் சம்பந்தமில்லாத திருகைத் திருகுவார்.

அளவுத்திருத்தம் என்பதை ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை படி சுற்ற வேண்டும் என்ற கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். பெல்ட்டின் பல் இடைவெளி 2 மி.மீ., புல்லியில் (பெல்ட்டை ஓட்டும், மோட்டார் தண்டிலுள்ள பல்சக்கரம்) 20 பல் என்றால் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும். சுற்றுக்கு 200 படி, படிக்கு 16 நுண்படி, ஆக 3200. அதை 40ஆல் வகுத்தால் 80. ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் $100, $101 அமைவுகளில் எழுதுவது இந்த எண்ணைத்தான். இது தவறாக இருந்தால் பிழை நீளத்தோடு சேர்ந்து வளரும்: 100 மி.மீ. துண்டில் 0.2 குறைந்தால் 300 மி.மீ. துண்டில் 0.6 குறையும். இரண்டிலும் அதே 0.2 தான் குறைகிறது என்றால் அந்த எண்ணைத் தொடவே கூடாது. வெட்டும் பிட்டின் உண்மையான விட்டத்தை அளந்து பாருங்கள், அப்புறம் பேக்லாஷைத் தேடுங்கள்.

சரி, பேக்லாஷ். 'பின்னடைவு' என்றால் தேர்தல் செய்திதான் முதலில் நினைவுக்கு வரும். 'பின்னடிப்பு' என்றதும் ஏதோ திருப்பி அடிப்பது போலத் தோன்றுகிறது. நடப்பது அதற்கு நேர்மாறு: திசை மாறும்போது மோட்டார் சுற்றியும் சட்டம் (வெட்டுமுனையைத் தாங்கி நகரும் பாகம்) கொஞ்ச தூரம் நகராமல் நிற்கிறது. 'ஆட்டம்' பட்டறையில் புழங்கும் நல்ல சொல். ஆனால் பேரிங்கில் ஆட்டம், சக்கரத்தில் ஆட்டம் என்று எங்கும் சொல்வதால் தனித்து நிற்காது. திரும்பு, ஆட்டம் இரண்டையும் சேர்த்தால் 'திரும்பாட்டம்' என்றாகி, திரும்பாத ஆட்டம் என்று பொருள் மாறிவிடும். அதனால் என் பரிந்துரை 'திருப்பத் தளர்வு'. வட்டம் வெட்டிப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஓர் அச்சு திசை திரும்பும் நான்கு இடங்களிலும் வளைவு சின்னதாகத் தட்டையாகியிருக்கும்.

இன்னொரு சொல்லும் வேண்டும், எனக்கு அதுதான் முக்கியம். லீட் ஸ்க்ரூ (பெல்ட்டுக்குப் பதில் மரைத்தண்டு) இயந்திரங்களுக்கு எழுதிய விளக்கத்தை அப்படியே பெல்ட்டுக்கு எடுத்துவந்தால் பாதிதான் பொருந்தும். பெல்ட் ரப்பர் போல இழுபட்டு மீள்வது தளர்வு ஆகாது. அதை 'பெல்ட் நெகிழ்வு' என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தி வையுங்கள். டயல் கேஜின் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) முனையைச் சட்டத்தில் தொட வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். சட்டத்தைக் கையால் மெதுவாகத் தள்ளிவிட்டு விடுங்கள். முள் தள்ளிய இடத்திலேயே நின்றால் தளர்வு, பூஜ்யத்துக்கு ஓடி வந்தால் நெகிழ்வு. பாதி தூரம் வந்து நின்றால் இரண்டுமே இருக்கிறது.

மருந்தும் வேறுவேறு. தளர்வு என்றால் புல்லியின் பிடிதிருகு மோட்டார் தண்டின் தட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா, பெல்ட் தொய்ந்திருக்கிறதா, சக்கரங்களின் எக்சென்ட்ரிக் நட் (திருகினால் சக்கரத்தை அதன் பாதையோடு நெருக்கும் நட்) இறுகியிருக்கிறதா என்று பார்க்கலாம். அதன் அளவு பெரிதாக மாறாததால் லினக்ஸ்சிஎன்சி, மாக்3 போன்ற கட்டுப்பாட்டு மென்பொருள்களின் வழியாகவே ஈடுசெய்யலாம். நெகிழ்வுக்கு அந்த வழி உதவாது. வெட்டுவிசை கூடினால் நெகிழ்வும் கூடும், பெல்ட்டின் நீளம் கூடினாலும் கூடும். ஓர் அளவுக்கு மேல் பெல்ட்டை இறுக்கினால் மோட்டார் தண்டும் பேரிங்கும்தான் அவதிப்படும். அகலமான பெல்ட் அல்லது எஃகு இழை வைத்த பெல்ட் மாற்றலாம். இல்லாவிட்டால் ஆழத்தைக் குறைத்து வெட்டி, ஓரத்தில் மெல்லிய படலம் விட்டு, கடைசி ஓட்டத்தில் அதை மட்டும் எடுக்கலாம். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், நெகிழ்வுக்குப் போய் ஈடு எண் எழுதி நாள் முழுக்கத் திண்டாடுவார்கள்.

'சிப் லோட்' (ஒரு சுற்றில் ஒரு வெட்டுவாய் சீவி எடுக்கும் தடிமன்) என்பதற்கு வந்த 'சில்லுச் சுமை'யையும் மாற்றலாம். சில்லு என்றாலே மின்னணுச் சில்லுதான், அளப்பதும் சுமையை அல்ல, தடிமனை. 'சீவல் பருமன்' என்றால் தச்சுவேலை தெரிந்தவருக்கு உடனே புரியும். நிமிடத்துக்கு 1200 மி.மீ. ஓட்டம், 12,000 சுற்று, இரண்டு வெட்டுவாய் என்றால் சீவல் பருமன் 0.05 மி.மீ.

'ட்ராமிங்' மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் தண்டு) மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் வேலை அது. சரியாக இல்லாவிட்டால் பரப்பைச் சீவும்போது ஓட்டத்துக்கு ஓட்டம் நகத்தில் தட்டுப்படும் வரிப்பு விழும். 'தூக்குப் பார்த்தல்' என்று எழுத ஆசைதான். ஆனால் தூக்குக்குண்டு என்பது பூமியை வைத்துப் பார்ப்பது, இங்கே மேசை சாய்ந்திருந்தால் ஸ்பிண்டிலும் அதோடு சேர்ந்து சாய வேண்டும். 'மேசைச் செங்குத்து' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். மூலைமட்டத்தை ஒட்டி யாருக்காவது இதைவிடச் சுருக்கமான சொல் தோன்றினால் சொல்லுங்கள், அடுத்த வரைவில் மாற்றிவிடுகிறேன்.