டீனிக்கு மட்டும் ஏன் மனம் சிதைகிறது? ‘ஸ்ப்ளெண்டர் இன் த கிராஸ்’ (1961) குறித்து

ஜெயநகர் வாசகி:
எலியா கஸான் இயக்கிய இப்படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். 1928-இல், கான்சாஸ் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், பள்ளி இறுதியாண்டு மாணவர்களான டீனியும் பட் ஸ்டாம்பரும் காதலிக்கிறார்கள். இருவர் வீட்டிலும் நெருக்கடி இருக்கிறது, ஆனால் மனநல மருத்துவமனைக்குப் போகிறவள் அவள்தான். பெண்ணுக்கு ஆசை எழுந்ததற்குப் படமே தண்டனை கொடுக்கிறதோ என்று தோன்றுகிறது. பி.யூ.சி. படிக்கும் என் மகளுடன் சேர்ந்து பார்க்கத் தயங்குவதும் அதனால்தான்.

அல்சூர்க்காரன்:
ஊர் கொடுக்கும் தண்டனையைக் கஸான் காட்டுகிறாரே தவிர, வழிமொழியவில்லை அம்மா. பட்டும் கூடைப்பந்து ஆடுகையில் சுருண்டு விழுந்து நிமோனியாவில் படுக்கிறான். ஆசையைச் சமாளிக்க வழி கேட்டால் டாக்டர் மழுப்புகிறார். ஆனால் எண்ணெய்க் கிணற்று முதலாளியான அவன் தந்தை ஏஸ், மணக்க ஒருத்தி, பொழுதுபோக்க வேறொருத்தி என்று மகனுக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுகிறார். டீனியின் தாயோ, நல்ல பெண்களுக்கு அத்தகைய எண்ணமே எழாது என்று கதவைச் சாத்திவிடுகிறாள். அவன் உன்னைக் கெடுத்துவிட்டானா என்று தாய் துருவ, குளியல் தொட்டியிலிருந்து டீனி அலறும் காட்சியை நோயின் வெறியாக என்னால் பார்க்க முடியவில்லை. அந்த வீட்டில் யாரோ ஒருவர் முதன்முதலாக உண்மை பேசுகிறார். நடாலி வுட்டின் ஆகச்சிறந்த நடிப்பும் அதுவே.

மல்லேஸ்வரம் ரசிகன்:
முழுவதும் ஏற்க இயலவில்லை. பட்டின் அக்காள் ஜின்னியை மறந்துவிட்டீர்கள். பார்பரா லோடன் உயிரைக் கொடுத்து நடித்த அந்தப் பாத்திரத்தைப் புத்தாண்டு விருந்தில் ஆண்களிடம் சீரழியவிட்டு, பிறகு கார் விபத்தில் இறந்தாள் என்று போகிறபோக்கில் சொல்லி முடிக்கிறார்கள். வில்லியம் இங்கின் திரைக்கதை ஆஸ்கர் பெற்றது தகும் என்றாலும், வாசகியின் குற்றச்சாட்டு இந்த இடத்தில் நிற்கிறது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். பட் விரும்பியது உடனே திருமணமும் வேளாண் கல்லூரியும். தந்தை விரும்பியது யேல் பல்கலைக்கழகம், நான்கு ஆண்டுகள் பொறு என்கிறார். (பொறியியல் சீட்டுக்கு அலையும் நம் பெங்களூரு வீடுகளில் இதே பேச்சு மூன்று மொழிகளில் கேட்கும்.) மகளின் சிகிச்சைக்காக எண்ணெய்ப் பங்குகளை விற்றதால் டீனியின் குடும்பம் 1929 பங்குச்சந்தைச் சரிவில் தப்புகிறது, ஏஸ் தற்கொலை செய்துகொள்கிறார்.

ஜெயநகர் வாசகி:
ஜின்னியை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அப்படியானால் மகளுடன் பார்க்கலாமா?

அல்சூர்க்காரன்:
பாருங்கள். புத்தாண்டு விருந்துக் காட்சி கடுமையானது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டீனி குணமாகித் திரும்பியபின், பட் எங்கிருக்கிறான் என்பதைத் தாய் மறைக்க, எப்போதும் வாய் திறவாத தந்தை சொல்லிவிடுகிறார். அங்கே நிறுத்தி மகளின் கருத்தைக் கேளுங்கள். மறைத்த தாயிடமும் சிறிது நியாயம் உண்டு என்பது என் எண்ணம். உங்கள் மகள் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள் என்றே நினைக்கிறேன்.