சிறைக்குள் ஒரு பழிவாங்கல்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எங்கள் நாடகக் குழுவுக்கு ஓர் இருண்ட நகைச்சுவை எழுதுகிறேன். மாமாவைக் கொன்ற ஆயுள் கைதியைத் தீர்த்துக்கட்டவே, வேறொரு வழக்கில் தண்டனை வாங்கிக்கொண்டு வேலூர் மத்திய சிறைக்குள் போகிறான் ஒருவன். இவன் உள்ளே போன அதே வாரம் எதிரிக்கு விடுதலை! (அண்ணா நூற்றாண்டையொட்டி 2008 செப்டம்பரில் ஆயுள் கைதிகளை விட்டார்களே, அப்போது.) அப்புறம் என்ன, காலணிப் பட்டறையில் போலீஸ் பூட்ஸ் தைத்துக்கொண்டு கிடக்கிறான். எதிரியின் மகன் கான்ஸ்டபிள். பூட்ஸ் யார் காலுக்கென்று சொல்லத் தேவையில்லை.

விதிகள் புத்தகத்தில் கிடைக்கின்றன, அன்றாடம்தான் பிடிபடவில்லை. பட்டறை ஊசி, கத்தியை மாலையில் எண்ணி வாங்குவார்களா? மனு பார்க்க (அதாவது கைதியைச் சந்திக்க) வருபவர் தரும் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்பார்களா? வார்டரை எப்படிக் கூப்பிடுவார்கள்?

சிறைத்துறையில் வேலை பார்த்தவர்கள், வக்கீல்கள் இருந்தால் சொல்லுங்கள். சினிமாவில் பார்த்தது வேண்டாம், அதை நானும் பார்த்துவிட்டேன்.